வலைப்பதிவிலிருந்து டிவி ஸ்டூடியோ வரை: ஒரு மில் கணக்குப்பிள்ளையின் வழிகாட்டி

2021இல் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும், மில் ஆபீஸில் நூல் பேல் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "மேடம், வாரிசு சர்ட்டிபிகேட் பத்தி எழுதுறது நீங்கதானுங்களே? ஏழு மணி நியூஸுக்கு ஒரு போனோ வேணும்." போனோ என்றால் ஏதோ ஃபாரம் என்று நினைத்துக்கொண்டு, "எத்தனை காப்பி வேணுங்க?" என்று கேட்டேன். போனில் பேசியே செய்தியில் கருத்துச் சொல்வதற்குத்தான் போனோ என்று பெயர்.

நான் எழுத்தாளர் இல்லை, வக்கீலும் இல்லை. சேலத்தில் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறேன். 2018இல் அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் அலைந்த கதையை அடுத்த வருடம் வலைப்பதிவில் எழுதத் தொடங்கினேன். இப்போது டிவி, வானொலி, ஒரு நாளிதழ் இணைப்பில் பத்தி என்று போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் வழி கேட்டால் "டிவில வர்ற அக்கா வீட்டுக்கு அடுத்த சந்து" என்கிறார்கள்.

இடையில் நான் பணத்தையும் நாளையும் தொலைத்தது எழுத்து வராததால் இல்லை. பெயர் பொருந்தாதது, கையெழுத்து வாங்காதது, கேட்க வேண்டியதைக் கேட்காதது என்று எல்லாமே காகிதப் பிரச்சினைதான். ஆகவே எப்படி நன்றாக எழுதுவது என்று இங்கே தேடாதீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

1. வேலையில் இருப்பவர்கள் முதலில் அனுமதி வாங்குங்கள்

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் முகம் டிவியில் வந்த மறுநாள் காலையில் முதலில் பார்ப்பது உங்கள் மேலதிகாரிதான்.

மத்திய அரசு ஊழியருக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மாநில அரசு ஊழியருக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973. ஊடகத்தில் பேசுவதற்கும் எழுதுவதற்கும் இரண்டிலும் கட்டுப்பாடு உண்டு. கதை, கவிதை போன்றவற்றுக்குத் தளர்வு இருக்கிறது. அரசின் கொள்கையை விமர்சிப்பதற்கு இல்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்மொழியாக "பண்ணுங்க, யார் கேக்கப் போறாங்க" என்று சொன்னவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

தனியார் வேலை என்றால் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். "வேறு வருமானம் ஈட்டக்கூடாது" என்ற வரி பலருடைய கடிதத்தில் இருக்கிறது, வாங்கிய அன்று யாரும் படிப்பதில்லை. நான் மேனேஜரிடம் ஒரே ஒரு வரி எழுதி வாங்கினேன். வேலை நேரத்துக்கு வெளியே, மில் பெயரைச் சொல்லாமல் எழுதலாம், பேசலாம் என்று.

வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ள பார் கவுன்சிலின் 36ஆம் விதி தடை போடுகிறது. மருத்துவர்களுக்கும் அதே மாதிரிக் கட்டுப்பாடு இருக்கிறது. பங்குச்சந்தை பற்றி எழுத நினைப்பவர்கள் கவனிக்கவும்: எந்தப் பங்கை வாங்கு, எதை விற்று விடு என்று ஆலோசனை சொல்லிக் காசு வாங்க, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு வேண்டும். 'கல்வி நோக்கத்துக்காக மட்டும்' என்று அடியில் ஒரு வரி போட்டுவிட்டால் தப்பிவிட முடியாது.

2. ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

ஒரு நிருபருக்கு உங்கள் எண் எப்படிக் கிடைக்கிறது? மதியம் அவருக்கு ஒரு தலைப்புக் கொடுக்கிறார்கள். அவர் கூகுளில் தமிழில் தட்டுகிறார். முதல் ஐந்தாறு முடிவுகளில் எது புரியும்படி இருக்கிறதோ அதை எழுதியவரைத் தேடுகிறார். இவ்வளவுதான் ரகசியம்.

என் பதிவுகளில் இன்றைக்கும் அதிகம் படிக்கப்படுவது "கல்யாணமான மகளின் பெயர் வாரிசுச் சான்றிதழில் வருமா?" என்பது. வரும். இந்து குடும்பங்களில் மகன், மகள், மனைவி, உயிரோடு இருந்தால் இறந்தவரின் தாயார், எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது கணக்கிலேயே இல்லை. என் அண்ணனே "நீ வேற வீட்டுக்குப் போயிட்டியே" என்றுதான் ஆரம்பித்தான். அந்தக் கோபத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதியது அந்தப் பதிவு.

சமையல், சினிமா, அரசியல், ஆன்மிகம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதினால் படிப்பவர்கள் வரலாம், கூப்பிடுபவர் வரமாட்டார். "மாடித்தோட்டம்" என்பதுகூட அகலம்தான். "மாடியில் தொட்டி வைத்தால் தளம் ஒழுகுமா" என்பது ஒரு கேள்வி. உங்கள் வேலையில், உங்கள் அலைச்சலில் பத்துப் பேர் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள்.

3. பெயரை முடிவு செய்யுங்கள், இனிஷியல் உட்பட

சிரிக்காதீர்கள். இந்தத் தலைப்புக்கு நான் எட்டு மாதம் செலவழித்திருக்கிறேன்.

நம் ஊரில் ஒரே ஆளுக்கு நாலு பெயர். பேன் கார்டில் அப்பா பெயர் விரிவாக, முன்னாலோ பின்னாலோ. வங்கிப் புத்தகத்தில் ஒற்றை இனிஷியல். ஆதாரில் கணவர் பெயர். பதிவில் புனைபெயர். எழுதும்வரை பிரச்சினை இல்லை. முதல் காசு வரும்போது ஆரம்பிக்கும். எனக்கு ஒரு பத்திரிகை காசோலையைப் புனைபெயரில் அனுப்பியது. வங்கியில் ஏற்கவில்லை. திருப்பி அனுப்பி, கடிதம் எழுதி, மறு காசோலை வருவதற்குள் ஐந்து மாதம். பிறகு விளம்பரக் கணக்கில் வங்கிப் பெயர் ஒத்துவராமல் மூன்று மாதம்.

இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் பேன், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மற்ற எதையும் தொடங்கும் முன் திருத்துங்கள். அப்பாவின் வாரிசுச் சான்றிதழே 'முத்துசாமி', 'முத்துச்சாமி' என்று ஒரு ச் கூடியதால் திரும்பி வந்தது. அப்படியும் நான் பாடம் படிக்கவில்லை பாருங்கள்.

அடுத்து, புனைபெயர் வேண்டுமா என்று யோசியுங்கள். உண்மையான ஆபத்து இருந்தால் கட்டாயம் வேண்டும். 2009இல் பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து பிபிசி உருது தளத்துக்கு நாட்குறிப்பு எழுதிய 11 வயது மலாலா, 'குல் மக்காய்' என்ற பெயரில்தான் எழுதினார். அது வேறு நிலைமை. நமக்கு வெட்கத்துக்காக மட்டும் புனைபெயர் என்றால், டிவிக்காரர்கள் கூப்பிடும்போது எப்படியும் உண்மைப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவரை சேர்த்த பெயர் ஒருவருக்கு, முகம் இன்னொருவருக்கு என்று ஆகிவிடும்.

புனைபெயர்தான் என்று முடிவானால், எழுதித் தரும் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் "கட்டணம் அனுப்ப வேண்டிய பெயர்" என்று வங்கிப் பெயரைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

4. முகவரியை உங்கள் பெயரில் வாங்குங்கள்

எழுதும் இடம் இலவசமாகவே கிடைக்கிறது. கூகுளின் பிளாகர் போதும். நான் இன்னும் அதில்தான் இருக்கிறேன். சொந்த இணைய முகவரி (டொமைன்) மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். டாட் இன் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 500 முதல் 1,000 ரூபாய், டாட் காம் அதைவிடக் கொஞ்சம் கூட. முதல் வருடம் 99 ரூபாய் என்று விளம்பரம் வரும். அங்கே பார்க்க வேண்டியது புதுப்பிக்கும் விலை. சிறிய எழுத்தில் கீழே இருக்கும்.

இப்போது என் முட்டாள்தனம். எனக்கு இதெல்லாம் தெரியாது என்பதால் பக்கத்து பிரவுசிங் சென்டரில் இருந்த பையனிடம் கொடுத்தேன். "விடுங்கக்கா, நான் போட்டுத் தர்றேன்" என்றான். நல்ல பையன்தான். ஆனால் அவனுடைய மெயிலில், அவனுடைய பெயரில் பதிவு செய்துவிட்டான். ஒன்றரை வருடம் கழித்துக் கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டான், எண்ணும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவன் மெயிலுக்குப் போயிருக்கின்றன. ஒரு நாள் காலையில் என் பக்கத்தைத் திறந்தால் ஏதோ சூதாட்ட விளம்பரம்.

முகவரி காலாவதியானால் உடனே போய்விடாது. டாட் காம் என்றால் பெரும்பாலும் ஒரு மாதத்திலிருந்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அதற்கு மேல் 30 நாள் மீட்புக் காலம். அப்போது பல மடங்கு கட்டணம். அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நான் தாண்டிவிட்டேன். புது முகவரி வாங்கி, கூகுளில் பழைய இடத்துக்கு வர ஏழு மாதம் ஆயிற்று.

ஆகவே: உங்கள் மெயில், உங்கள் செல் எண், உங்கள் கார்டு. தானாகப் புதுப்பிக்கும் வசதியை நம்பி மட்டும் இருக்காதீர்கள், கார்டு மாறியிருந்தால் அது வேலை செய்யாது. காலாவதித் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். எங்கள் வீட்டு தினசரிக் காலண்டரில் எல்.ஐ.சி. பிரீமியத் தேதிக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

5. முதல் முப்பது பதிவுகள்

வாரம் ஒன்று வீதம் ஏழெட்டு மாதம். அதற்கு முன் யாரும் கூப்பிடமாட்டார்கள், கூப்பிட்டாலும் உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

தலைப்பை ஜனங்கள் கேட்கிற மாதிரியே வையுங்கள். "வாரிசுரிமை: ஒரு பார்வை" என்று வைத்த பதிவை என் தங்கைகூடப் படிக்கவில்லை. கட்டணம், எத்தனை நாள், எந்த ஜன்னல் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். கடைசியாகச் சரிபார்த்த தேதியை மேலே போடுங்கள். அரசுக் கட்டணம் மாறிவிட்டால் பழைய பதிவைத் திருத்துங்கள். நிருபர்கள் அந்தத் தேதியைப் பார்க்கிறார்கள் என்று பிறகு ஒருவர் என்னிடம் சொன்னார்.

கூகுளில் கிடைக்கிற படத்தை எடுத்துப் போடாதீர்கள். படத்துக்குச் சொந்தக்காரர் உண்டு, நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வரும். சொந்தப் போனில் எடுத்த மங்கலான படமே போதும். பிறருடைய ஆவணத்தைப் படம் போட்டால் பெயர், ஆதார் எண், சர்வே எண் எல்லாவற்றையும் கறுப்படித்துவிட்டுப் போடுங்கள். நகலில் பேனாவால் அடித்துப் படம் எடுங்கள். போனில் உள்ள மார்க்கரால் அடித்தால் வெளிச்சத்தைக் கூட்டினால் தெரிந்துவிடும்.

6. 'என்னைப் பற்றி' பக்கம்

பலர் இந்தப் பக்கத்தில் கவிதை எழுதுகிறார்கள். "காற்றின் மொழி பேசும் ஒரு சாதாரண மனுஷி" என்று போட்டால் நிருபர் என்ன செய்வார்? நான் வைத்திருப்பது நான்கு வரி. பெயர், ஊர், என்ன வேலை, எதைப் பற்றி எத்தனை வருடமாக எழுதுகிறேன், எதைப் பற்றி எனக்குத் தெரியாது. கடைசி விஷயம் முக்கியம். "நான் வழக்கறிஞர் அல்ல" என்பது அந்தப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. காரணம் எட்டாவது தலைப்பில்.

தொடர்புக்கு ஒரு மெயில் போதும். செல் எண் போடுவதாக இருந்தால் இரண்டாவது சிம் வாங்குங்கள், குறிப்பாகப் பெண்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பட்டா பற்றிக் கேட்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படமும் வையுங்கள். போனோ பேசும்போது திரையில் காட்டப் படம் கேட்பார்கள். அவசரத்தில் நான் அனுப்பியது, பக்கத்தில் நின்ற நாத்தனாரை வெட்டிய கல்யாண போட்டோ. அவர் கை இன்னும் என் தோளில் இருக்கிறது.

7. போன் வந்தால்

கூப்பிடுபவர் அவசரத்தில் இருப்பார். நீங்கள் அவசரப்படக் கூடாது. "பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேங்க" என்று சொல்லி, சொன்னபடி பத்து நிமிடத்தில் கூப்பிடுங்கள். அரை மணி ஆனால் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். அதில் தப்பு இல்லை, அவர்கள் வேலை அப்படி.

திரும்பக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியவை: நேரலையா, பதிவா? எத்தனை நிமிடம்? கூட யார் பேசுகிறார்கள்? போனிலா, ஸ்டூடியோவுக்கு வர வேண்டுமா? வர வேண்டும் என்றால் பயணச் செலவு யாருடையது? என் பெயருக்குக் கீழே என்ன போடுவீர்கள்?

கூட யார் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். "சும்மா தகவல் மட்டும்தான் மேடம்" என்று அழைத்துவிட்டு, இரண்டு கட்சிக்காரர்களுக்கு நடுவில் என்னை உட்கார வைத்த அனுபவம் உண்டு. நாற்பது நிமிடத்தில் நான் பேசியது ஒன்றரை நிமிடம். அதிலும் பாதி "நான் என்ன சொல்ல வர்றேன்னா".

பைட் என்பது வேறு. கேமராவோடு வந்து வாசலில் நிற்க வைத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள், ஒளிபரப்பாவது இருபது நொடி. எந்த இருபது நொடி என்பது உங்கள் கையில் இல்லை. முதல் வாக்கியத்திலேயே விடையைச் சொல்லிவிடுங்கள். "கல்யாணமான மகளுக்கும் உரிமை உண்டு" என்று ஆரம்பித்து அப்புறம் காரணத்துக்குப் போங்கள். "அதாவது பாத்தீங்கன்னா" என்று ஆரம்பித்தால் அதுதான் ஒளிபரப்பாகும்.

உங்கள் விஷயம் இல்லை என்றால் ஏற்காதீர்கள். தெரிந்த வேறு ஒருவரிடம் கேட்டுக்கொண்டு அவர் எண்ணைக் கொடுங்கள். அப்படி நான் கைகாட்டிவிட்ட நிருபர்கள்தான் இன்றும் முதலில் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பணம்? செய்திக் கருத்துக்கும் விவாதத்துக்கும் எனக்கு இதுவரை ஒருவரும் தந்ததில்லை. தொடர் நிகழ்ச்சிக்கு மட்டும் பேசி வாங்கலாம்.

8. ஸ்டூடியோ நாள்

முதல் தடவை ஏற்காடு எக்ஸ்பிரஸில் போனேன். விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் இறக்கிவிட்டது. பத்து மணிப் பதிவுக்கு ஆறு மணி நேரம் காத்திருந்தேன். டிக்கெட், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் கைக்காசு. ரசீதை வாங்கி வைத்துக்கொண்டால் திருப்பித் தருவதாகச் சொன்னவர்களிடமாவது கேட்கலாம். நான் வாங்கி வைக்கவில்லை.

உடை: பச்சை வேண்டாம். பின்னால் பச்சைத் திரை கட்டியிருந்தால் உங்கள் உடம்பில் செய்தி ஓடும். சின்னக் கட்டம், நெருக்கமான கோடு, சுங்குடிப் புள்ளி, இவை கேமராவில் ஊர்கிற மாதிரி தெரியும். ஒற்றை நிறப் பருத்திப் புடவை உத்தமம். சட்டையில் குத்தும் மைக்கின் கம்பி புடவைக்குள் வழியாகப் போய், தீப்பெட்டியைவிடப் பெரிய ஒரு பெட்டியில் முடியும். அதை இடுப்பில் சொருக வேண்டும். மைக் மாட்டப் பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். கண்ணாடி வளையலைக் கழற்றிப் பையில் போடுங்கள். முதல் நிகழ்ச்சியில் நான் கை ஆட்டிய ஒவ்வொரு தடவையும் வளைகாப்புச் சத்தம்.

இப்போது அந்த வழக்கறிஞர் விஷயம். பதிவு முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பாகும்போது பார்த்தால் என் பெயருக்குக் கீழே 'வழக்கறிஞர்' என்று போட்டிருந்தார்கள். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் இரண்டு நிஜ வழக்கறிஞர்கள் போன் செய்து எந்த வருடம் பதிவு செய்தீர்கள் என்று கேட்டார்கள். புதன்கிழமை ஆத்தூரிலிருந்து ஒரு பெரியவர் மஞ்சள் பை நிறையப் பத்திரங்களோடு வாசலில் நின்றார். "கேஸ எடுத்து நடத்துங்கம்மா" என்று 500 ரூபாயை நீட்டினார். அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, நான் வக்கீல் இல்லை என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசிவரை நம்பவில்லை, பணம் போதவில்லை என்று நான் மறுப்பதாக நினைத்துக்கொண்டே போனார். சேனலுக்கு மூன்று மெயில் அனுப்பினேன், யூடியூபில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.

அதன்பிறகு, பெயர், ஊர், போட வேண்டிய அடைமொழி மூன்றையும் வாட்ஸப்பில் தமிழில் தட்டி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிய பிறகே கிளம்புகிறேன். அடைமொழி சொல்லாவிட்டால் 'சமூக ஆர்வலர்' என்று போடுவார்கள். அது பரவாயில்லை என்று விட்டுவிடலாம்.

9. வானொலியும் பத்திரிகையும்: உரிமை யாருக்கு?

புதியவர்களுக்கு என் யோசனை, டிவிக்கு முன் வானொலிக்குப் போங்கள். ஆகாசவாணி நிலையங்களுக்குப் பேச்சாளர்கள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நிலைய இயக்குநருக்கு ஒரு கடிதம், இரண்டு மாதிரிக் கட்டுரை, ஒரு பக்கத் தன்விவரம் அனுப்புங்கள். எனக்குத் தருமபுரியிலிருந்து பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. உரையை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பத்து நிமிடத்துக்கு என் வேகத்தில் 850 வார்த்தை சரியாக இருக்கிறது. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், ஸ்டேப்பிள் அடிக்காதீர்கள். படித்த தாளைப் புரட்டாமல் ஓரமாகத் தள்ள வேண்டும், புரட்டினால் மைக்கில் மழை பெய்யும். ஒப்பந்தத்தாளில் கையெழுத்து, பேன் நகல், ரத்து செய்த காசோலை ஒன்று. பணம் சிறிது, ஆனால் கணக்கில் வந்துசேரும்.

பத்திரிகையில் தொடர் கேட்டால் மூன்று விஷயத்தை மெயிலில் உறுதி செய்யுங்கள். ஒன்று, ஒரு கட்டுரைக்கு எவ்வளவு, எத்தனை நாளில். இரண்டு, பிறகு நான் புத்தகமாகப் போடலாமா. மூன்று, இணையத்திலும் வீடியோவாகவும் அவர்கள் பயன்படுத்தினால் அதற்கு என்ன. நீங்கள் அவர்களுடைய சம்பள ஊழியர் இல்லை என்றால், எழுதியதன் முதல் உரிமை உங்களுடையதே. எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தால்தான் போகும். அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. "உலகம் முழுவதும், நிரந்தரமாக, எல்லா வடிவங்களிலும்" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடும் முன் ஒரு இரவு தூங்கி எழுங்கள்.

புத்தகம் போட்டுத் தருகிறேன், புத்தகத்துக்கு அடையாளமாகப் போடும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு மட்டும் 5,000 கட்டுங்கள் என்று யாராவது சொன்னால், அந்த எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

10. விளம்பரப் பணமும் வரியும்

நம் பக்கத்தில் விளம்பரம் போட்டு அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலிருந்து தமிழ்ப் பக்கங்களை ஏற்கிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்கு ஒரு பின் எண் தபாலில் வரும். சாதாரணத் தபால், இரண்டு முதல் நான்கு வாரம். என் முதல் கடிதம் எங்கே போனதோ தெரியாது. இரண்டாவதுக்குத் தபால்காரரிடம் சொல்லி வைத்தேன், கையில் கொடுத்தார். முகவரியில் கதவு எண்ணின் பழையது, புதியது இரண்டையும் போடுங்கள். நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும், அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல். வெளிநாட்டுப் பணம் வந்துசேர வங்கிக் கிளையின் ஸ்விஃப்ட் கோடு என்ற அடையாளக் குறியீடு வேண்டும். சிறு கிளைகளுக்குச் சொந்தமாக இருக்காது, வெளிநாட்டுப் பரிமாற்றம் பார்க்கும் பெரிய கிளையின் கோடைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு முதல் 100 டாலர் சேரப் பதினான்கு மாதம். ஆக்ராவிலிருந்து தொழில்நுட்பம் எழுதும் அமித் அகர்வால் 2004இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பதிவரானார் என்று எனக்குப் பலர் உதாரணம் காட்டியிருக்கிறார்கள். அவர் எழுதுவது ஆங்கிலத்தில், உலகத்துக்கே. வாரிசுச் சான்றிதழ் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டு வேலையை விடாதீர்கள்.

பத்திரிகை, டிவி தரும் பணத்தில் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். பேன் கொடுக்காவிட்டால் 20. பிடித்த பணம் உங்கள் பேன் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். ஏறாவிட்டால் பிடித்தவர்களை அந்த ஆண்டே துரத்துங்கள். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் வரிக் கணக்குப் படிவமான ஐடிஆர் 1 இதற்குப் போதாமல் போகலாம், ஆடிட்டரிடம் ஒருமுறை கேளுங்கள்.

கொஞ்சம் முகம் தெரிந்ததும் கடைக்காரர்கள் வருவார்கள். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் புகழ்ந்தால் 'விளம்பரம்' என்று தமிழிலேயே மேலே போடுங்கள். தவறான விளம்பரத்தில் முகம் காட்டியவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மனைப்பிரிவு விளம்பரத்துக்கு என்னை நாலு பேர் கேட்டார்கள். பத்திரம் பற்றி எழுதுகிறவள் மனை விற்றால் அதோடு முடிந்தது.

எழுதும்போது இன்னொரு எச்சரிக்கை: அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆம் பிரிவு. லஞ்சம் கேட்ட அதிகாரியின் பெயரை எழுதக் கை துறுதுறுக்கும். ஆதாரத்தோடு லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள், பதிவில் நடைமுறையை மட்டும் எழுதுங்கள்.

11. விருது, பட்டம், பிரஸ் அட்டை

நாலைந்து முறை டிவியில் வந்ததும் இந்தப் போன்கள் தொடங்கும். ஏதோ ஒரு சங்கத்தின் 'பிரஸ்' அடையாள அட்டை, 3,000 ரூபாய். அது உங்களை நிருபர் ஆக்காது. அரசு அங்கீகார அட்டை வேறு, அது முழுநேரப் பத்திரிகையாளர்களுக்குத் தனி விதிகளின்படி தரப்படுவது. வண்டியில் ஒட்டிக்கொண்டு போனால் போலீஸ் நிறுத்திக் கேட்கும்போது சொல்லப் பதில் இருக்காது.

கௌரவ டாக்டர் பட்டம் 25,000 ரூபாய்க்கு வந்தது, கறுப்பு அங்கி வாடகை தனி. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

போன மாதம் ஒரு பெண் பேசினார். நல்ல குரல். "மேடம், உங்களைச் சாதனைப் பெண்மணி விருதுக்குத் தேர்வு பண்ணியிருக்கோம். நினைவுப் பரிசு, மாலை, மேடையில போட்டோ எல்லாம் உண்டு. நன்கொடை மட்டும் ஐயாயிரம்." தேர்வுக் கடிதத்தை சங்கத்தின் பதிவு எண்ணோடு மெயிலில் அனுப்பச் சொன்னேன். "அனுப்பறேங்க மேடம்" என்றார். அதன்பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை.